கழிவு போக

மேற்கே மலையை மேகம் மூடினால் சாரல்.
முக்கூடல் சொசைட்டி வாசலில் செருப்பு குவிந்தால்
காலேஜ் திறக்கப்போகிறது.
ஜூனில் இரண்டும் தவறியதில்லை.

பத்தொன்பது வருடமாக இந்த மேஜையில்
நகைக்கு மாற்றுப் பார்க்கிறேன்.
முகம் மறந்துபோகும், நகை மறக்காது.
கொக்கி நெளிந்த இந்த ரெட்டைவடம்
முதலில் வந்தபோது நர்சிங்.
மீட்டுப் போய் ஒரு கல்யாணத்துக்குக் கழுத்தில் கிடந்துவிட்டு
மறு தடவை பி.காம்.
இப்போது மூன்றாமவன், டிப்ளமோ.
"பாத்துப் போடுங்க அண்ணாச்சி" என்கிறாள் சங்கரவடிவு.
விரல் நுனியில் பீடித்தூள் வாசம்.

நான் என்னத்தைப் பார்த்துப் போட?
கல்லில் ஒரு கோடு. அமிலம் ஒரு சொட்டு.
அரக்குக்குக் கழிவு, அழுக்குக்குக் கழிவு.
கழிவு போக நிற்பது எடை,
எடை நிற்கிற இடம்வரை படிப்பு.

மற்ற வழிகளும் தெரியும், இங்கே உட்கார்ந்து கேட்டவைதான்.
ஜெபக்கனி மகன் கல்விக்கடன் கேட்டுப் போனான்.
மேனேஜர் நல்ல மனுஷன், காப்பி வாங்கித் தந்து
திங்கள்கிழமை வரச் சொன்னார்.
எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.
பீடி நலநிதி உதவித்தொகை ஒருத்திக்கு வந்தது,
பட்டம் வாங்கி ஒன்பதாம் மாதம்;
அதில் தம்பிக்கு அட்மிஷன் போட்டாளாம்.
செய்யதம்மாளுக்குச் சீட்டு முதல் குலுக்கலிலேயே விழுந்தது.
துட்டு கிடைத்ததற்கு ஒரு மனுஷி அழுது
அன்றுதான் பார்த்தேன்.

இந்த வருடம் என் மகள் ஆவுடைச்செல்விக்குப்
பாளையங்கோட்டையில் இடம்.
மைக்ரோபயாலஜி. அப்படின்னா என்னட்டி என்றேன்.
"கண்ணுக்குத் தெரியாததப் பாக்கது.
நீங்க பாக்கீங்கல்லா, அது மாதிரி."

சொந்த நகையை நானே உரைக்கக் கூடாது, விதி.
அரைநாள் லீவு போட்டு வீரவநல்லூர் பஸ் ஏறினேன்,
கர்சீப்பில் முடிந்த ஒற்றை வளையலோடு.
ஜோடியை என் தங்கச்சி கல்யாணம் எப்போதோ தின்றுவிட்டது.

வரிசையில் பதினொன்றாவது ஆள்.
மதிப்பீட்டாளன் சின்னப் பையன், சுத்தமான கை.
கோட்டை என்னைவிட நீளமாக இழுத்தான்.
அவ்வளவு வேண்டாம் தம்பி, பாதி போதும்
என்று சொல்ல வந்து விழுங்கினேன்.

"ஏழு கிராம் அறுநூத்தி நாப்பது"
அவன் தராசைப் பார்க்குமுன் என் வாயில் வந்துவிட்டது.
நிமிர்ந்தான். "ஸாருக்கு எந்த ஊரு?"
"முக்கூடல்." தொழிலைச் சொல்லவில்லை.
அதற்கப்புறம், கேட்டுக் கேட்டு
எனக்குக் காது புளித்த அந்தச் சொல்
நான் தடுக்குமுன் வெளியே வந்தது:
"கொஞ்சம் பாத்துப் போடுங்க."

அவன் பார்த்துத்தான் போட்டான்.
நானாக இருந்தாலும் அதேதான் போட்டிருப்பேன்.
ஃபீஸுக்கு மூவாயிரத்துச் சொச்சம் காணவில்லை.

மத்தியானம் என் நாற்காலிக்குத் திரும்பி
கல்லில் கிடந்த காலைக் கோடுகளை மெழுகால் ஒற்றினேன்.
வடிவுடையது எது, ஜெபக்கனியுடையது எது,
உருண்டைக்குள் பிரிக்க முடியாது.
உருக்கினால் ஒரு குன்றிமணி தேறுமா என்றிருந்தது,
பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக.

உருண்டையை டிராயருக்குள் போட்டு மூடி
அடுத்த ஆள், என்றேன்.