சம்பந்தி ஊர்

இரவு பஸ் புறக்கோட்டையில் இறக்கிவிட்ட ஏழு பேரும்
விடியப்புறம் என் வீட்டில்தான் குளித்தார்கள்.
வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, ஒற்றைக் குளியலறை.
கடைசியாய்க் குளித்து வந்த எமிலியானுஸ் சம்மாட்டி
பல்கனியில் நின்று மூக்கை உயர்த்திச் சொன்னார்:
"உங்கட கடலுக்கு மணம் காணாது, பிள்ளை."

பத்து மணிக்குக் கொள்ளுப்பிட்டி ஹோட்டலில்
குளிரூட்டிய மண்டபம்.
கண்டல்தீவு, முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்,
இந்தப் பக்கம்.
ஹெல்மார்விக், ஒன்பதாயிரம் பேர்,
அந்தப் பக்கம்.
நடுவில் தண்ணீர்ப் போத்தல்களும் நானும்.

ஒன்றின் மண்ணை மற்றது மிதித்ததில்லை.
தீவுவரை வர அவர்களுக்கு நேரமில்லை,
அங்கே போக இவர்களுக்கு விசா இல்லை.
பாதிவழி என்று கொழும்பைச் சொன்னார்கள்.
படத்தில் அளந்து பார்த்தேன்,
பாதியும் இல்லை, வழியும் இல்லை.

உடன்படிக்கையின் முதல் வரியிலேயே முட்டிக்கொண்டேன்.
இரட்டை நகரம் என்று வாசித்தேன்.
யூலியானா, மாதர் சங்கப் பொருளாளர்,
கையை உயர்த்தினாள்:
"இரட்டை எண்டால் ஒரு வயிறு வேணுமே.
ஆற்ற வயிறு?"
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
தேநீர் வரட்டும் என்றேன், இரண்டு மொழியிலும்.

பிறகு பரிசுகள்.
பிஸ்கட் தகரத்தில் ஒடியல்,
நாலு சுற்றுப் பொலித்தீனில் பாரைக் கருவாடு.
அவர்கள் தந்தது ஒரு கைகாட்டி மரம்.
ஆளுயரம், வெள்ளைப் பெயின்ற், அம்பில்
தங்கள் ஊரின் பெயர், அதன்கீழ்
எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர்.
"படகில ஏத்தேலாது" என்று காதுக்குள் சொன்னார் சம்மாட்டி.
"அழகாயிருக்கிறது என்கிறார்" என்றேன்.

இளைஞர் பரிமாற்றம், கலாசாரப் பரிமாற்றம்,
பந்தி பந்தியாய் வாசித்தேன். ஏழு பேரும்
பூசையில் இருப்பதுபோல் இருந்தார்கள்.
மூன்றாம் பக்கத்தில் திரும்பவும் யூலியானாவின் கை.
"படகு வராத நாளில
பிள்ளைப்பெறுவுக்கு என்ன செய்வினம் எண்டு கேளுங்கோ."

கேட்டேன்.
தூரிட், அவர்களின் மேயர், பேனாவை மூடினார்.
ஊர் கரையில்தான், தன் வீடு எதிர்த்தீவில் என்றார்.
ஒரு தை மாதம். மூன்று நாள் காற்று. படகில்லை.
சமையலறை மேசை.
தாதி தொலைபேசியில் சொல்லச் சொல்ல
கணவன் கையேந்திய பிள்ளைக்கு
இப்போது பத்தொன்பது வயது.

நான் சொல்லி முடிக்க முன்னரே
யூலியானாவுக்கு விளங்கிவிட்டது, எப்படியோ தெரியாது.
மேசைக்கு மேலால் கையை நீட்டித்
தூரிட்டின் மணிக்கட்டைப் பிடித்தாள்,
நாடி பார்ப்பதுபோல.

சம்மாட்டி தொண்டையைச் செருமினார்.
"சம்பந்தி எண்டு போடுங்கோ.
பெட்டை குடுக்கவுமில்லை, பொடியன் எடுக்கவுமில்லை.
பறவாயில்லை, போடுங்கோ."

மற்றப் பிரதிகளில் இரட்டை இரட்டையாகவே கிடக்கிறது.
தமிழில் மட்டும், முதல் வரி தொடங்கிப் பதினோராம் பந்திவரை,
என் கையால் வெட்டித் திருத்தி,
சம்பந்தி ஊர்.
இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

கைகாட்டியை ஏற்றமாட்டேன் என்றுவிட்டான் பஸ்காரன்.
என் பல்கனியில் நிற்கிறது. அதில் துவாய் காய்கிறது.
பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தாங்கியைக்
காட்டிக்கொண்டிருக்கிறது அம்பு.

மார்கழியில் தூரிட்டின் குறுஞ்செய்தி:
இங்கே படகு நின்றுவிட்டது, அங்கே எப்படி?
சம்மாட்டிக்கு எடுத்தேன். முதலில் காற்று, பிறகு அவர்:
"இஞ்சையும் நாலு நாளாய் நிக்குது.
சீனி முடிஞ்சுது எண்டு சம்பந்தியிட்டச் சொல்லுங்கோ.
அவையிட்ட இருக்கோ எண்டும் கேளுங்கோ."

கேட்டேன். பதில் வரும்வரை
அம்பைக் கொஞ்சம் வடமேற்காய்த் திருப்பினேன்.
கீழே ஆறு இருபது ரயில்
நேரத்துக்கு வந்து
நேரத்துக்குப் போனது.