முட்டுச்சில்லு

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை
மிசூரியில் எங்கள் ஊர் நூலகத்தின் நிலவறையில்
ஒரு மேசை, ஒரு விளக்கு, ஓர் உருப்பெருக்கி.
கல்லைக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.
பட்டம் எதுவும் என்னிடம் இல்லை.
மற்ற நாளெல்லாம் காரின் முன்கண்ணாடி மாற்றுகிறவன்.
எது எப்படி உடையும் என்பது மட்டும்
இருபத்தாறு வருடமாக விரலுக்குள் ஏறியிருக்கிறது.

டுவைட் ஹாலன்பெக் பூட்ஸ் பெட்டியோடு வந்தார்.
கோழி ஆலையை மூடியபின்
ஓடையே கதியென்று கிடந்திருக்கிறார்.
நாற்பத்து மூன்று கற்கள்,
ஒவ்வொன்றும் சமையலறைக் காகிதத்தில்.

முதல் கல் முக்கோணம். இரண்டாவதும்.
மூன்றாவதற்கு இடுப்புகூட இருந்தது,
இளகிய இடத்தை நீர் குடைந்த இடுப்பு.
விளிம்பில் விரலை ஓட்டினேன். சோப்பு.
சுண்ணாம்புக்கல், மணற்கல், மறுபடி சுண்ணாம்பு.

ஓடைக்கு முக்கோணம் பிடிக்கும் என்றேன்,
கூர்தான் பிடிக்காது.
உருட்டும், தேய்க்கும், தூங்கவைக்கும்.
வெள்ளத்தில் அதுவும் அடிக்கும்தான்,
குடிகாரன் அடி, எங்கே விழுமென்று அதற்கே தெரியாது.
ஆள் அடித்தால் சிப்பிபோல் ஒரு பள்ளம்,
ஒட்டியே இன்னொன்று,
கல்லைத் திருப்பிப் போட்டு மறுமுகத்தில்
அதற்குப் பதில் சொல்லும் மூன்றாவது.

அப்படியானால் இது?
கல்.
இது?
நல்ல கல்.
இதைப் பாருங்கள், கையில் எவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது!
எந்தக் கல்லும் உட்காரும், டுவைட்,
கை அப்படிப்பட்டது.

பத்தொன்பதாவதில் அவர் கேட்பதை நிறுத்தினார்.
பேச்சை மாற்ற, "பாவம், போய்விட்ட ஜனங்கள்,
ஒருத்தர்கூட மிச்சமில்லை" என்றார்.

அச்சு இயந்திரத்தருகே
ஏதோ படிவத்துக்காகக் காத்திருந்த பெண் திரும்பினாள்.
"போகவில்லை. அனுப்பினார்கள். ஓக்லஹோமாவுக்கு.
நான் ஓசேஜ், பெயர் ரோவெனா.
காலை ஏழுக்குக் கிளம்பினேன்,
வழியில் ஒரு காபி, பதினொன்றுக்கு இங்கே.
வெளியே நிற்கிற நீல வண்டி என்னுடையது,
உங்கள் வண்டியைப் பாதி மறித்திருக்கிறது.
சொன்னால் நகர்த்துகிறேன்."

காது சிவக்க, முதலில் சிரித்தது டுவைட்தான்.

பெட்டி காலியானது.
மூலையில் ஒன்று மிச்சம், காகிதம் சுற்றாதது,
கட்டைவிரல் நகத்தளவு.
"அது ஒன்றுமில்லை,
மற்றவை உருளாமலிருக்க முட்டுக் கொடுத்தது."

விளக்குக்கு நேரே பிடித்தேன்.
தேன் நிறச் சக்கிமுக்கி.
வயிற்றுப்பக்கம் சிறு புடைப்பு, அதிலிருந்து கிளம்பிக்
குளத்து அலைபோல் விரிந்து உறைந்த வளையங்கள்.
நெடுஞ்சாலைச் சரளை தெறித்த கண்ணாடியில்
வாரம் நாலு தடவை பார்க்கிற அதே வளையம்.
அது மட்டுமென்றால்
தற்செயல் என்று திருப்பித் தந்திருப்பேன்.
முதுகில் இரண்டு பழைய வடு, ஒரே திசையில்.
இதற்கு முன்பே இரண்டு சில்லு
இதே வழியில் உதிர்ந்திருக்கின்றன.
யாரோ உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள்.

அம்புமுனையா?
இல்லை. எதையோ செய்தபோது விழுந்த குப்பை.
இந்தப் பக்கம் வில்லே வருவதற்கு
முந்தியதாகக்கூட இருக்கலாம்.
எதைச் செய்தபோது?
தெரியாது, டுவைட்.

ரோவெனா அதை வாங்கித்
தன் படிவத்தின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தாள்.
சத்தமில்லாமல் காகிதம் இரண்டாயிற்று.
உங்கள் ஆட்களா, என்று மெல்லக் கேட்டார்.
"கையெழுத்துப் போடவில்லையே" என்றாள்,
அவர் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்தாள்.

நாற்பத்து மூன்றையும் மறுபடி சுற்றினார்,
ஒன்றைக்கூட விடவில்லை.
சில்லைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.
அறுந்து கிடந்த காகிதத்துண்டை நாலாக மடித்து
அது இருந்த மூலையில் செருகினார்,
கற்கள் உருளாமலிருக்க.