விழித்திருக்கும்போது மட்டும்

மேவிஸ் தர்லோ என்ற பெயருக்கு
மூன்று கடிதங்கள் வந்தன.
'இந்த முகவரியில் இல்லை' என்றெழுதி
மூன்றையும் தபால்பெட்டியில் திரும்பப் போட்டேன்.
கிராலியில் இந்த வீட்டுக்கு நாங்கள் வந்தபோது
அவர் விட்டுப்போயிருந்தவை:
ஒரு திரைச்சீலைக் கம்பி, பாதி டின் வெள்ளைப் பெயின்ட்,
சமையலறை மூலையில் உடுப்பு உலர்த்தும் மெஷின்.

நாலாவதைக் குகனேசன் தெரியாமல் கிழித்துவிட்டார்.
உள்ளே சிவப்பு எழுத்து.
டார்ச் அடித்து, குந்தியிருந்து,
மெஷின் கதவின் உள்விளிம்பிலிருந்து
ஒவ்வொரு எண்ணாக அவர் வாசிக்க
நான் கடிதத்தில் விரல் வைத்துக்கொண்டே போனேன்.
கடைசி எண்ணும் பொருந்தியது.
லாட்டரியில் ஒருநாளும் இப்படிப் பொருந்தியதில்லை.

பஞ்சு சேர்ந்து, சூட்டுக்கம்பியில் விழுந்து
தீப்பற்றக்கூடுமாம்.
திருத்த ஆள் வரப் பதினொரு கிழமை.
அதுவரை பாவிக்கலாம், ஆனால்
வீட்டில் ஆள் விழித்திருக்கும்போது மட்டும்.

நான் சிரித்தேன்.
இரவு பத்திலிருந்து ஆறுவரை விமான நிலையத்தில்
சாப்பாட்டுத் தட்டுகளுக்கு மூடி போடுகிறவள் நான்.
அவர் ஆறரைக்கு வேனை எடுப்பார்.
இந்த வீட்டில் விழித்திருப்பவர் எப்போதும் ஒருவர்தான்,
அதுவும் பாதி.
நான் நேரம் வைத்துவிட்டுப் போக
மின்சாரம் மலிவான இரண்டு மணிக்கு
மூன்று வருடமாக இது ஓடியிருக்கிறது,
தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்,
அவரும் பிள்ளையும் தூங்க.

அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு மாலையை அதற்கென்று ஒதுக்கினோம்.
ஸ்டூல் ஒன்று, கவிழ்த்த வாளி ஒன்று.
கண்ணாடி வட்டத்துக்குள் அவருடைய மஞ்சள் வேலைச்சட்டை
என் சீருடையை மிதித்து ஏறும், விழும்.
மகனின் ஒற்றைக் காலுறை ஒட்டிக்கொண்டு
எங்களைப் பார்க்கும்.
எண்பது நிமிடம்.
முதல் கிழமை மூக்கை உறிஞ்சி மணம் பிடித்தோம்.
அடுத்த கிழமை வாடகை பேசினோம்.
ஐந்தாவதோ ஆறாவதோ,
வேலையில் தன்னை 'கே' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றார்,
நாலு வருடமாக அது பிடிக்கவில்லை என்றார்.
நான் மெஷினையே பார்த்தபடி கேட்டேன்.
முகத்தைப் பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பார்.

வந்த பையன் பின்தகட்டைக் கழற்றினான்.
எங்கள் எல்லா உடுப்பும் சேர்ந்த சாம்பல் நிறப் பஞ்சு.
அதன் ஓரத்தில்
பெருவிரல் அகலத்துக்குக் கருகல்.
"பழசா, புதுசா?" என்றேன்.
தோளைக் குலுக்கினான்.
தகட்டை மாற்றி, பச்சை ஸ்டிக்கர் ஒட்டி
கைக்கருவியை நீட்டினான்:
"திருமதி தர்லோ, இங்கே ஒரு கையெழுத்து."

விளக்கிச் சொல்ல எனக்கு ஆங்கிலம் இருந்தது.
நேரமும் இருந்தது.
மேவிஸ் தர்லோ என்று விரலால் எழுதினேன்.

அவன் போன பிறகும்
வாளி கவிழ்ந்தே கிடந்தது.
தரை துடைக்க
வேறு பாத்திரம் எடுத்தேன்.