முப்பத்துமூன்று சென்

இன்று காலையும் வந்தது என் படம்.
குடும்ப வாட்சப்பில் சிவநேசன் மாமா:
வானம் முழுக்க மஞ்சளில் 'இனிய காலை வணக்கம்',
மூலையில் யாரோ நட்ட ரோஜா.

வெல்ட் கீ படகுத்துறை. விடியுமுன் போய்
கொசு பிடுங்க, ஃபெர்ரி ஊதும்வரை குந்தியிருந்தேன்.
விற்பனைக்குப் போட்டேன்,
ஒரு தரவிறக்கத்துக்கு முப்பத்துமூன்று சென்.
இதுவரை பதினொன்று.
ஒரு தே தாரேக், முட்டை போடாத ரொட்டி சானாய்.

போன மாதம் பட்டர்வொர்த்தில்
காப்புறுதிக் கம்பெனிப் பதாகை. பில் அனுப்பினேன்.
நேற்று ஒரு கண்ணீர் அஞ்சலி,
இறந்தவர் முகத்துக்குப் பின்னால் என் விடியல்.
அதற்கு என்ன பில் எழுத?

படத்தை விரித்துப் பார்க்கிறேன்.
குறுக்கே ஓடிய என் பெயரைத்
துடைத்த கை நன்றாகத்தான் துடைத்திருக்கிறது.
கூடவே
படகில் குனிந்து தண்ணீர் இறைத்தவரும் போய்விட்டார்.
அவர் இருந்த இடத்தில் கடல்,
சற்று வழவழப்பாக.

மாமாவுக்குக் காரமாக நாலு வரி அடித்தேன்.
அனுப்பவில்லை.
அன்று அந்த மனிதர் நிமிர்ந்து
ஒருமுறை என்னைப் பார்த்தார்.
பெயர் கேட்கவில்லை நான்.
எடுக்கலாமா என்றும்.