எட்டு மணி நாற்பத்தைந்து நிமிடம்

மேசைமேல் மூன்று ஒப்பந்தங்கள்.
ஒருத்தன் இணைப்புக்குப் பதினெட்டு டாலர் என்கிறான்,
ஒருத்தன் இருபத்தாறு.
மூன்றாமவன் விலையே போடவில்லை,
"பேசிக்கொள்ளலாம்" என்று விட்டிருக்கிறான்.

வெளியே ஸ்டைன்பாக்,
மைனஸ் முப்பத்தெட்டு.
நாங்கள் வீட்டு ஹீட்டர் பழுது பார்ப்பவர்கள்.
இந்த மாதத்தில் எங்கள் போன் அடித்தால்
யார் வீட்டிலோ குழாய் உறைய ஆரம்பித்துவிட்டது.

"தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீதம்
லைன் உயிரோடிருக்கும்,"
முதலாளி வீபெ வாசித்துத் தலையாட்டினார்.
நான் கால்குலேட்டரை எடுத்தேன்.
மிச்சம், வருடத்துக்கு
எட்டு மணி நாற்பத்தைந்து நிமிடம்.

எந்த எட்டு மணி?
ஜூலையில் ஒரு ஞாயிறு மதியமென்றால் எடுத்துக்கொள்ளட்டும்.
ஜனவரியில்?
பிரிவு பதினொன்று சொல்கிறது:
அறுந்த நேரத்து வாடகையைக் கழித்துக்கொள்ளலாம்.
பதினெட்டு டாலர்க்காரனிடம்
ஆறு இணைப்புக்கும் சேர்த்து
ஒரு டாலர் இருபத்தொன்பது சென்ட்.

ராத்திரி இரண்டுக்கு அலாரம் வைத்து எழுந்து
மூவரின் உதவி எண்ணுக்கும் அடித்தேன்.
பதினெட்டு டாலர் பியானோ வாசித்தது.
இருபத்தாறு, ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று
ஊரைச் சுற்றிக் காட்டிப்
புறப்பட்ட இடத்திலேயே இறக்கிவிட்டது.
விலை போடாதவனிடம்
ஒரு பெண் எடுத்தாள், எதையோ மென்றபடி.
"என்ன பிரச்சினை?"
ஒன்றுமில்லை என்றேன்.
"அப்ப சரி," என்றாள்.
ஆனால் வைக்கவில்லை.
நானும்தான்.

காலையில் வீபெயிடம் சொன்னேன்:
அவர்களிடம் விலை கேளுங்கள்.
மூன்று வருடப் பூட்டு இருக்கும்,
அதை முதலில் அடித்துவிட்டு.