பதினான்காம் வாரம்

கெய்ர்ட்னர் ஏரியில் தண்ணீர் இல்லை.
உப்புதான், அடிவானம் வரை,
காயப்போட்டு எடுக்க மறந்த படுக்கை விரிப்பு மாதிரி.
வண்டிக்கு அடியில் எல்லோரும் தார்ப்பாய் விரிக்க வேண்டும்,
ஒரு சொட்டு எண்ணெய்கூட ஏரியில் விழக்கூடாது.
அதையும் நான்தான் பார்க்கிறேன்.
மற்ற மாதங்களில் போர்ட் அகஸ்டாவில்
பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் சரிபார்ப்பவள்.

மெர்வின் ஷில்லிங்கின் பின்சக்கரம்.
கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் தடவுவேன்,
துணிக்குத் தெரியாத கீறல் நகத்தில் தட்டும்.
தட்டவில்லை.
வால்வுக்கு உலோக மூடி. சரி.
காற்றழுத்தம். சரி.
பக்கச் சுவரில், அவரைவிதை வடிவக் கட்டத்துக்குள்
நான்கு இலக்கம்.
பதினான்காம் வாரம். அப்புறம் வருடம்.
கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைத்து
மறுபடி படித்தேன்.
வருடம் மாறவில்லை.

"கெடு தாண்டிவிட்டது, மெர்வின்."

"ஒரு மைல்கூட ஓடாத டயர்," என்றார்.
"வெயில் படாமல், கம்பளி சுற்றி,
கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன்.
என் நாய்க்குக்கூட அந்த இடத்தைக் கொடுக்கவில்லை."

நம்பினேன்.
ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயசாகும் என்றேன்.
ப்ரோக்கன் ஹில்லிலிருந்து அறுநூறு கிலோமீட்டர்
டிரெய்லர் இழுத்து வந்த மனிதரிடம்
வேறு என்ன சொல்ல?

நிற்கும்போது சக்கரம் சக்கரம்தான்.
மணிக்கு இருநூறு மைலில்
அதன் ஓரத்திலிருக்கும் ஒரு கிராம் ரப்பர்
இரண்டரைக் கிலோவாகி
வீட்டைவிட்டு ஓடப் பார்க்கும்.
வால்வுக்குள் இருக்கும் ஊசி, மெலிந்து கிடப்பது,
தானே நகர்ந்து கதவைத் திறந்துவிடும்.
அப்போது மூடிதான் தாழ்ப்பாள்.
இதைச் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள்.
என் மேசையில் ஊறுகாய் பாட்டில் நிறைய
அவர்களிடம் பிடுங்கிய பிளாஸ்டிக் மூடிகள்:
பகடை, மண்டையோடு, ஒரு பச்சைத் தவளை.

ஆறு வருடம் முன்பு ஒரு டயருக்குக் கையெழுத்துப் போட்டேன்.
தேதி சரி, மூடி சரி, எல்லாம் சரி.
மூன்றாவது மைலில் அது நார்நாராகப் பிரிந்தது.
ஓட்டியவள் யூனிஸ் டால்கிஷ்.
உப்பில் அவள் வழுக்கிப் போன தூரத்தை
அளந்த நாடாவின் ஒரு முனை என் கையில் இருந்தது.
பிழைத்தாள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புகிறாள்,
இப்போது இடக்கையால் எழுதி.

மெர்வின் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
பகல் முழுக்கத் தார்ப்பாயில் உட்கார்ந்து
மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
இங்கே வண்டி முதலில் கண்ணுக்குத் தெரியும்,
சத்தம் அப்புறம்தான் வந்து சேரும்.

சாயங்காலம் டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.
இன்னொரு கையில் இரும்பறுக்கும் ரம்பம்.
"அறுத்துப் பார்ப்போம்."

ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.
விளிம்புக் கம்பியில் இரண்டு பிளேடு போயிற்று.
டார்ச் அடித்துப் பார்த்தோம்.
நைலான் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி.
கொப்புளம் இல்லை, பிளவு இல்லை,
புதுச் செருப்பின் வாசனை.

"நல்ல டயர்," என்றார்.
"நல்ல டயர்தான்," என்றேன்.
மன்னிப்புக் கேட்கவில்லை.
நாளைக்கு இதே டயர் வந்தாலும் நிறுத்துவேன்.
அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்,
ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த தேநீரை
மூடியில் ஊற்றி நீட்டினார்.

பதிவேட்டில், காரணம் என்ற இடத்தில்
'தேதி' என்று எழுதியிருந்தேன்.
பக்கத்தில் இன்னும் ஏதாவது எழுத இடமிருந்தது.
எழுதவில்லை.

ஒரு பாதியை அவர் நாய்க்கு எடுத்துப் போனார்.
மற்றது என் கூடாரத்தின் ஓரத்தை
தெற்குக் காற்றில் பறக்காமல் பிடித்திருக்கிறது.
காலையில் வரிசையின் முதல் பையன்
அதன்மேல் பூட்ஸை வைத்து நிற்கிறான்.
"காலை எடு," என்றேன்.
"மூடியைக் காட்டு."