அரைப்பேர்

பனி இறங்கிக் கிடந்த விடியலில்
பீலிக்கரையில் ஒரு முதுகு கண்டேன்.
நீலப் படங்கு போர்த்திய முதுகு.
அவ்வளவுதான்.
அன்றைக்குத்தான்
தாங்கியின் பித்தளை வால்வு காணாமற்போய்
இருபத்துநான்கு காம்பராவும் வறண்டது.

நெரை பிடிக்கையில் யாரோ கேட்டார்கள்:
"நீதானே முதலில் போனவள், ஆள் யார்?"
"மருத..." என்றேன்.
சந்தேகம் வந்து மீதியை விழுங்கினேன்.
எங்கள் தோட்டத்தில்
மருதாயி உண்டு, மருதமுத்து உண்டு,
பணியக்கணக்கில் மருதவீரனும் உண்டு.

மூவரில் அவன் மேல்தான்
ஏற்கெனவே ஒரு குற்றம் இருந்தது.
போன வருடம் நாங்களெல்லாம்
வேலையை விட்டு ரோட்டில் குந்தியிருக்க
அவன் மட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலை ஏறினான்.
பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்றான்.
கேட்டோம். கேட்டதோடு சரி.

பத்து மணித் தேத்தண்ணிக்குள்
என் அரைப்பேர் முழுப்பேராகிவிட்டது.
புஷ்பகாந்தி அவன் நடையைக் கண்டாளாம்.
செங்கமலையான் இருமலைக் கேட்டானாம்.
அட்டனில் பழைய இரும்புக்கடை வாசலில்
அவனைப் பார்த்த மச்சான் ஒருத்தன்
யாருக்கோ இருந்தான்.
கொழுந்து நிறுக்கும்போது எண்ணினேன்,
பன்னிரண்டு சாட்சி.
பன்னிரண்டு பேருமா பொய் சொல்வார்கள்?
எனக்கே சந்தேகம் போய்விட்டது.
என் வாயிலிருந்து போனதுதான்
லயம் லயமாகச் சுற்றித்
தடித்துத் திரும்பி வந்தது என்று
அப்போது தெரியவில்லை.

அந்தியில் கோயில் முன்றலில் கூட்டம்.
தேர்ச் சந்தாவிலிருந்து அவன் குடும்பத்தை நீக்கலாமா?
தலைவர் கேட்டு முடிக்குமுன் கைகள்,
கொழுந்துக் கறை படிந்த கைகள்.
என் கை கொஞ்சம் பிந்தியது.
பிந்தியதை அடுத்த காம்பராக்காரி பார்த்தாள்.
சட்டென்று உயர்த்தினேன்,
எல்லாரையும்விட உயரமாக.

வியாழக்கிழமை ஸ்டோர் பிட்டர் சைமன் வந்து
வால்வைப் பூட்டிவிட்டுப் போனார்.
வாஷர் தேய்ந்திருந்ததாம்.
கழற்றிக்கொண்டு போனது அவர்தானாம்.
தண்ணீர் வந்தது.
வாளிகளோடு வரிசையில் நின்றோம்.
"இருந்தாலும்
எடுக்கக்கூடிய ஆள்தான் அவன்"
என்றது ஒரு குரல்.
வரிசை தலையாட்டியது.
என் வாளி நிறைந்து வழிந்தும்
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பதினெட்டுக் கிலோ வராத நாளில்
கணக்கப்பிள்ளை எனக்கு அரைப்பேர்தான் போடுவார்.
பாதிச் சம்பளமாவது மிஞ்சும்.
நான் சொன்ன அரைப்பேருக்கு
மருதவீரனிடம் மிஞ்சியது ஒன்றுமில்லை.
அவன் மகள் இப்போதும்
எல்லாரும் போனபிறகுதான் பீலிக்கு வருகிறாள்.

அந்தப் படங்கு
மழைக்காலத்தில் சங்கம் கொடுத்தது,
வீட்டுக்கு ஒன்று.
என் கதவுக்குப் பின்னாலும் தொங்குகிறது.
நீலம்தான்.